போண்டா மடித்த தாள்

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். திருப்பூரில் அந்த நாட்களில் போனஸ், பார்ட்டி பாக்கி என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு, ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கிற என் ஆபீஸுக்குப் பழைய கிளையன்ட் ஒருவர் மாடியேறி வந்தார். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். "அம்மிணி, டீ சொல்லட்டுங்களா" என்று படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கறை பட்ட இடத்தில் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. "இது உங்க ஆபீஸ் சீலுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

என் சீல்தான். அதற்குக் கீழே என் கையெழுத்து. அவருடைய வங்கிக் கடனுக்காக ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நாங்கள் தயார் செய்த ஆர்டர் விவரம் அது. எந்தக் கம்பெனி, எத்தனை பீஸ், பீஸுக்கு என்ன ரேட், எவ்வளவு பாக்கி என்று எல்லாம் வரிசையாக இருந்தது. அதில் ஒரு கம்பெனிக்கு மற்ற கம்பெனியைவிட பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் போட்டிருந்தார். கூலிக்கு வேலை செய்து கொடுக்கிற ஜாப் வொர்க் தொழிலில் இது சகஜம். யார் உடனே பணம் தருகிறார்களோ அவர்களுக்கு ஒரு ரேட், தொண்ணூறு நாள் இழுக்கிறவர்களுக்கு இன்னொரு ரேட். ஆனால் ஒருவர் ரேட் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. அதிக ரேட் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் சாயங்காலம் டீக்கடையில் போண்டா வாங்கியிருக்கிறார். தின்றுவிட்டுக் கை துடைக்கப் போனபோது காகிதத்தில் தங்கள் கம்பெனிப் பெயரைப் பார்த்திருக்கிறார். அப்புறம் என்ன, மறுநாள் காலையில் பட்டறைக்கு போன். நாற்பதாயிரம் பீஸ் ஆர்டரில் பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம். நாற்பதாயிரம் ரூபாய் அவருக்குப் போனது, என் ஆபீஸ் தாளால்.

எப்படிப் போனது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆயுத பூஜை. அந்த வருஷம் அக்டோபர் 23, திங்கட்கிழமை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள், மாத முடிவுக்குள் ஆடிட் கேஸ்களின் வருமான வரிக் கணக்கு. நடுவில் கிடைத்த ஒரே நாள் சனிக்கிழமை 21. அன்றைக்கு ஆபீஸைச் சுத்தம் பண்ணினோம். பரணில் இருக்கிற பழைய வாட் காலத்து ஃபைல்களையெல்லாம் போட்டுவிடு என்று ஆபீஸில் வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிவிட்டு நான் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில், அதற்கு முந்தையது எதுவும் வேண்டாம் என்பது என் கணக்கு. பரணுக்குக் கீழே, அலமாரியில் இடமில்லாமல் இரண்டு அரிசிச் சாக்கில் கிளையன்ட்டுகளின் வங்கிக் கடன் ஃபைல்களை நான்தான் கட்டி வைத்திருந்தேன். சாக்கைப் பார்த்தால் கழிவென்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? அவையும் கீழே இறங்கின. பழைய பேப்பர்கடைக்காரர் தராசில் மாட்டினார். 186 கிலோ, கிலோ 13 ரூபாய், மொத்தம் 2,418. அந்தப் பணத்தில்தான் பொரி, கடலை, வாழைக்கன்று, பெண்களுக்கு ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். நான் சந்தோஷமாகக் குங்குமம் வைத்துக் கம்ப்யூட்டருக்கு ஆரத்தி காட்டினேன். வைரஸ் வரக் கூடாது என்று வருஷா வருஷம் ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டுகிறவள் நான்.

அண்ணன் தாளோடு வந்த அந்த வியாழக்கிழமை சாயங்காலமே பேப்பர் கடைக்கு ஓடினேன். அந்த அண்ணன் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார். கசங்கியது, அட்டை, கிழிந்தது எல்லாம் மில்லுக்குப் போகும் லாரிக்கு. ஒரு பக்கம் வெள்ளையாக, மடிப்பில்லாமல் இருக்கிற ஏ4 தாளுக்குத் தனி கிராக்கி. டீக்கடை, கடலை வண்டி, பலகாரக் கடைக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்களாம். கடன் ஃபைல் முழுக்க ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்த, நல்ல தடிமனான தாள். பொட்டலம் மடிக்க அதைவிட உசத்தி எது? குடோனில் மீதமிருந்த எழுபது கிலோவை, கிலோ 25 ரூபாய் என்று 1,750 கொடுத்துத் திரும்ப வாங்கினேன். அவரும் வியாபாரிதானே.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுகை வந்தது. அவர் சொன்ன நான்கு டீக்கடைகளுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற ஒரு கடலை வண்டிக்கும் போனேன். கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்த தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஒரு கடைக்காரர், "அதுல அப்படி என்னங்க இருக்குது?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தர மறுத்தார். பத்து போண்டா வாங்கினேன், ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடிக்கச் சொல்லி. கடலை வண்டியில் கூம்பாகச் சுருட்டிய ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு முகம், ஆதார் கார்டு நகல். யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் மகள் கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. சாக்குகள் போனது நிஜமாகவே தெரியாமல் நடந்தது. ஆனால் மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது தெரிந்தே செய்தது. எல்லாத் தாளையும் மீட்டுவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை. அதற்குள் பிரிண்டிங் அண்ணன் தன் மச்சான்களிடம் சொல்லி, அவர்கள் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிளையன்ட் எனக்கு போன் போட்டு, "எங்க ஃபைலும் போயிடுச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தகவல் வெளியே போனால் முதலில் உங்கள் வாயிலிருந்து அவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்தவர் சொல்லித் தெரிந்தால், தொலைத்ததை மன்னித்தாலும் மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

யார் யாருடைய காகிதம் அந்தச் சாக்கில் இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல்கூட இல்லை. கம்ப்யூட்டரில் கடன் ஃபோல்டரைத் திறந்து, பெயர் பெயராகப் பார்த்து 34 பேர் என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன், பெண்களிடம் விடவில்லை. என்ன நடந்தது, உங்கள் காகிதங்களில் என்னென்ன இருந்தன, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு விஷயம். முதல் மூன்றைக் கேட்டுக் கத்தினவர்கள்கூட நான்காவதுக்கு வந்ததும் பேனா எடுத்தார்கள்.

அந்த நான்காவதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், காகிதம் தொலைத்த யாருக்கும் பயன்படும். ஆதார் நகல் வெளியே போயிருந்தால் ஆதார் ஆப்பிலோ ஆதார் இணையதளத்திலோ போய் கைரேகை, கண் ரேகையைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆதார் எண்ணோடு போலிக் கைரேகையைச் சேர்த்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிற மோசடியை இது தடுக்கும். பான் எண் போயிருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணைப் போட்டுத் தேடலாம். உங்கள் பெயரில் எந்த மாநிலத்திலாவது ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கூலி வேலை செய்கிறவர் பெயரில் போலிக் கம்பெனி திறந்து, அவருக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளை நம் ஊர்ப் பேப்பர்களிலேயே படித்திருப்பீர்கள். அடுத்து, யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்று பதிந்து வைக்கிற கிரெடிட் நிறுவனங்கள், சிபிலையும் சேர்த்து நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்தால், வருஷம் முழுக்கத் தெரியாத கடன் எதுவும் நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும், அதில் நிமிஷங்கள் முக்கியம்.

34 பேரில் பாதிப் பேர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஆதார் நம்பர் லாட்ஜ்லகூட வாங்கி வெச்சிருக்கறானுங்க, விடுங்க அம்மிணி" என்றார் ஒருவர். என்னை உடைத்தது ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவர் பெயர் எதற்கு அந்தச் சாக்கில் வந்தது என்று முதலில் எனக்கே புரியவில்லை. மகனின் வீட்டுக் கடனுக்கு அம்மாவையும் சேர்த்திருந்தார்கள், அதற்காக அவருடைய வருமான வரி ஃபைலையும் அப்படியே உள்ளே வைத்திருந்தோம். அந்த ஃபைலில், சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கிடைக்கிற 80டிடிபி வரிக் கழிவுக்காக வாங்கிய மருத்துவர் சான்று இருந்தது. வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று அதில் எழுதியிருக்கும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்கே சொல்லவில்லை. "உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டுந்தாம்மா தெரியும்" என்றார். கத்தவில்லை. போனை வைக்கவும் இல்லை. சும்மா இருந்தார். அந்தத் தாள் கடைசிவரை கிடைக்கவில்லை. வங்கிக்கு வேண்டியது ரிட்டர்ன் நகல் மட்டும்தான். மருத்துவச் சான்றை அந்த ஃபைலில் வைத்ததே அனாவசியம். மொத்த ஃபைலையும் தூக்கி உள்ளே வைப்பது சுலபம் என்பதால் வைத்தோம். ரகசியம் என்றால் பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யார் ஃபைலைத் திறந்தாலும் இதில் இந்த வீட்டின் எந்தச் சங்கடம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

காகிதம் இப்படி என்றால் மற்றது எப்படி இருக்கும் என்ற பயத்தில் டிசம்பரில் ஒரு வாரம் ஆபீஸையே தலைகீழாகப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் தொழிலில் இருக்கிறவர்கள் பலர் ஆபீஸும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். முதலில் நீள நோட்டு. எல்லா கிளையன்ட்டின் லாகினும் பாஸ்வேர்டும் அதில்தான். அதிலும் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே அச்சு: பெயர், அட் குறி, 123. வேலையை விட்டுப் போன மூன்று பெண்களுக்கும் அந்த அச்சு தெரியும். இன்றைக்கு எங்கேயோ வேறு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு என் கிளையன்ட்டின் கணக்கைத் திறந்து பார்க்க முடியும், அவர்கள் பார்க்காதது அவர்களின் நல்ல குணம். அப்புறம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் பென்டிரைவ் மாதிரி இருக்கிற பதினேழு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய ஸ்டிக்கர். ஒருவருடைய கையெழுத்தையும் அதைப் போடுகிற கையையும் சேர்த்து டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். வருமான வரித் தளத்திலிருந்து எடுக்கிற ஏஐஎஸ் என்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கையின் பிடிஎஃப்பைப் பூட்டித்தான் தருகிறார்கள் என்று ஒரு ஆறுதல் இருந்தது. அந்தப் பூட்டின் சாவி பான் எண்ணும் பிறந்த தேதியும், இரண்டும் பான் கார்டிலேயே அச்சாகியிருக்கின்றன. கார்டு நகலை அதே ஃபோல்டரில் வைத்திருந்தோம்.

வாட்ஸ்அப்தான் எல்லாவற்றையும்விட மோசம். கிளையன்ட்டுகள் ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எந்தப் பெண் அன்றைக்கு போன் எடுக்கிறாளோ அவள் சொந்த நம்பருக்கே அனுப்பிவிடுகிறார்கள். அது அவள் கேலரியில் குழந்தையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறது. அவள் வீட்டில் யார் போனை எடுத்தாலும் பார்க்கலாம். பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொந்த போனை ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தச் சொன்னது நான், 8,000 ரூபாய்க்கு ஒரு ஆபீஸ் போன் வாங்கக் கணக்குப் பார்த்து.

மாற்றியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. ஆபீஸுக்கு ஒரு போன், ஒரு நம்பர், அது ராத்திரி மேசை டிராயரில் பூட்டி இருக்கும். வந்த படத்தை ஃபோல்டரில் ஏற்றியதும் சாட்டில் அழித்துவிட வேண்டும். நீள நோட்டுக்குப் பதில் பாஸ்வேர்டு மேனேஜர். அதில் யார் எந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று பிரித்துக் கொடுக்க முடிகிறது, ஒருவர் வேலையை விட்டால் அன்றைக்கே நிறுத்த முடிகிறது. 140 பாஸ்வேர்டு மாற்ற ஆறு வாரம் ஆனது, ஏனென்றால் ஓடிபி கிளையன்ட் போனுக்குப் போகும், அவர் பட்டறையில் மெஷின் சத்தத்தில் இருப்பார். டோக்கன்களை உரியவர்களிடமே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். "நீங்களே வெச்சுக்கங்க, நான் எங்கயாச்சும் போட்டுருவேன்" என்று நான்கு பேர் வாங்க மறுத்தார்கள். அவர்களுடையது மட்டும் லாக்கரில், எடுத்தால் வைத்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் ப்ரோ போட்டு பிட்லாக்கரை இயக்கினோம், லேப்டாப் தொலைந்தாலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. அந்த மீட்புச் சாவியை அதே லேப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள், நான் முதலில் அதைத்தான் செய்தேன். ஆதார் நகல் வாங்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் போதுமா என்று முதலில் பார்க்கிறோம். முழு நகல் வேண்டுமென்றால் எதற்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதி வாங்குகிறோம், வேலை முடிந்ததும் அழிக்கிறோம்.

எதை எவ்வளவு நாள் வைப்பது என்பதற்கும் ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஜிஎஸ்டி ஆவணங்கள், அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். வழக்கோ அப்பீலோ இருந்தால் அது முடிந்து ஒரு வருஷம் வரை, அல்லது அந்த 72 மாதம், எது பிந்தியதோ அது. ஆனால் அந்தக் கடமை வியாபாரியுடையது. அவருடைய அசலை நான் பத்து வருஷம் பரணில் வைக்க யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ரசீது எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் அலமாரி இப்போது பாதி காலி.

தாள் நறுக்கும் மெஷின் 11,500 ரூபாய். மலிவாக ஒன்று கிடைக்கிறதே என்று நூல் நூலாக வெட்டுவதை வாங்காதீர்கள். பொறுமை இருக்கிறவன் உட்கார்ந்து ஒட்டிவிடுவான். சின்னத் துணுக்காக வெட்டுவதை வாங்குங்கள். பின்னை எடுத்துவிட்டுப் போட வேண்டும், சில நிமிஷம் ஓடினால் சூடாகி நின்றுவிடும், ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஜைக்கு முன் அரை மணி நேரம் நறுக்குகிறோம்.

மெஷினால் அடைக்க முடியாத ஓட்டை வாய். கிளையன்ட் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பக்கத்து காம்பவுண்டுக்காரருக்கு இந்த வருஷம் டர்ன்ஓவர் எவ்வளவு இருக்குமுங்க?" என்று சும்மா கேட்பார். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே "உங்களைவிடக் கம்மிதாங்க" என்று சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்துவேன். அதுவும் தகவல்தானே! இப்போது, "உங்களப் பத்தி அவர் கேட்டாலும் இதேதான் சொல்லுவேனுங்க" என்று சொல்லி நிறுத்திவிடுகிறேன். கேட்டவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கும், அப்புறம் நிம்மதியாகிவிடுவார். என் மானிட்டர் வந்தவர் பக்கம் திரும்பியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் தோழியிடம் கேட்டேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் வந்திருந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் நடைமுறைக்கு வரும். தகுந்த பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அதிகபட்சம் 250 கோடி வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. தகவல் கசிந்தால் உரியவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அது கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்கான சட்டம். தாளில் வாங்கித் தாளிலேயே வைத்திருப்பதைத் தொடாது. டீச்சரம்மாவுக்கு அதைச் சொல்ல முடியுமா என்ன.

பிரிண்டிங் அண்ணன் உடனே போகவில்லை. மார்ச் வரைக்கும் கணக்கை முடித்துவிட்டு, ஏப்ரலில் மரியாதையாக ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டார், கூடவே அவருடைய இரண்டு மச்சான்களும். மூன்று யூனிட், மாதம் ஆளுக்கு 2,500, வருஷத்துக்கு 90,000 ரூபாய் வருமானம் போனது. அவருக்கு நஷ்டமான நாற்பதாயிரத்தில் பாதியைத் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். டீச்சரம்மா இன்னும் என்னிடம்தான் வருகிறார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. மருத்துவச் சான்றை இப்போது அவரே கையில் கொண்டுவந்து, நான் பார்த்ததும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போகிறார்.

போன ஆயுத பூஜைக்கும் அதே பேப்பர்கடை அண்ணன் வந்தார். ஆறு மூட்டை நறுக்கிய துணுக்கு. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், பொரி மாதிரி விரல் நடுவில் உதிர்ந்தது. "இதுல என்னத்த மடிக்கறதுங்க அம்மிணி" என்று அலுத்துக்கொண்டு கிலோவுக்கு 4 ரூபாய் கொடுத்தார்.